புதுக் கப்பல் வரவில்லையா? முதலில் துறைமுக ஜெட்டியைப் போய்ப் பாருங்கள்

பழைய பயணிகள் ஃபெர்ரி ஒன்று நடுக்கடலில் நின்றுபோனால் அடுத்த நாள் எல்லாருக்கும் கோபம் வருகிறது. முப்பது வருஷத்துக் கப்பலை இன்னும் ஓட்டுகிறார்களே என்று திட்டுகிறோம். புதுக் கப்பல் வரப்போகிறது என்று அமைச்சர் சொல்கிறார். கம்ப்யூட்டரில் வரைந்த பளபள கப்பல் படம் செய்தியில் வருகிறது. அப்புறம் வருஷக்கணக்கில் பேச்சில்லை. பழைய கப்பலே பெயின்ட் அடித்துக்கொண்டு திரும்பி வருகிறது.

எங்கே ஃபெர்ரி தாமதம் என்று செய்தி வந்தாலும் தேடிப்பிடித்துப் படிக்கிற விசித்திரப் பழக்கம் எனக்கு உண்டு. அப்படிப் படித்ததில் ஒரு விஷயம் உறுதியாகத் தோன்றுகிறது. நாம் கோபப்படுவது கப்பல் கட்டும் தளத்தின் மேல். ஆனால் பல இடங்களில் காரியம் சிக்கிக்கொண்டிருப்பது கரையில், அதாவது கப்பல் வந்து அணைய வேண்டிய ஜெட்டியில். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஜெட்டிக்கு அழகான படம் கிடையாது பாருங்கள்.

நியூசிலாந்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அங்கே வடக்குத் தீவையும் தெற்குத் தீவையும் இணைக்கும் குக் நீரிணையில் அரசு ரயில் நிறுவனமான கிவிரெயில் ஃபெர்ரி ஓட்டுகிறது. 2023 ஜனவரியில் கைடாகி என்ற கப்பல், 864 பேரோடு போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின்கள் மொத்தமாக நின்றுபோயின. காற்று கப்பலைக் கரைப் பாறைகள் பக்கம் தள்ளியது. கேப்டன் மேடே என்ற அவசர உதவி அழைப்பு கொடுத்தார். நங்கூரம் போட்டு, சுமார் ஒரு மணி நேரம் போராடி எஞ்சினைத் திரும்ப ஓட வைத்தார்கள். விசாரணையில் தெரிந்த காரணம்: குளிர்விக்கும் நீர்க் குழாயில் இருந்த ஒரு ரப்பர் இணைப்பு கிழிந்துவிட்டது. மாற்ற வேண்டிய காலம் எப்போதோ கடந்துபோன இணைப்பு அது. கைடாகி 1995இல் கட்டிய கப்பல்.

இதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2021இல், கொரியாவின் ஹூண்டாய் மிப்போ தளத்தில் இரண்டு பெரிய கப்பல்களுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். விலை 55.1 கோடி நியூசிலாந்து டாலர். கப்பல் விலை அதற்குமேல் ஏறவில்லை. ஏறியது கரைச் செலவு. அந்த நீளமான கப்பல்கள் வந்து நிற்க இரு கரைத் துறைமுகங்களான வெலிங்டனிலும் பிக்டனிலும் ஜெட்டிகளை நிலநடுக்கத்துக்குத் தாங்குகிற மாதிரி புதிதாகக் கட்ட வேண்டும். எல்லாம் சேர்த்து மதிப்பீடு 300 கோடி டாலரை நெருங்கியது. கணக்குப் போட்டால் கப்பல்களின் பங்கு ஐந்தில் ஒன்று கூட வராது. கூடுதலாகக் கேட்ட 147 கோடியைத் தர முடியாது என்று 2023 டிசம்பரில் புதிய அரசின் நிதியமைச்சர் நிக்கோலா வில்லிஸ் சொல்லிவிட்டார். திட்டம் அத்தோடு முடிந்தது.

செலவைப் பார்த்து அவர் தயங்கியது நியாயம் என்றே நினைக்கிறேன். துறைமுகத்துக்குத் தகுந்த கப்பலா, கப்பலுக்குத் தகுந்த துறைமுகமா என்று தொடக்கத்திலேயே யாராவது உட்கார்ந்து முடிவு செய்திருக்க வேண்டும். ஆனால் கையில் மாற்று ஏற்பாடு எதுவும் இல்லாமல் ரத்து செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கொரியத் தளத்தோடு கணக்கு தீர்க்க மட்டும் 14.4 கோடி டாலர் போயிற்று. அதற்கு ஒரு கப்பலும் கிடைக்கவில்லை. இப்போது சீனாவின் குவாங்சோ தளத்தில் வேறு இரண்டு கப்பல்களுக்கு ஏற்பாடாகி, 2029இல் வரும் என்கிறார்கள். ரத்தான கப்பல்கள் 2026க்குள் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும்.

ரயில் பெட்டிகளை அப்படியே ஏற்றிச் செல்லக்கூடிய ஒரே கப்பலாக இருந்த அரடேரேயை 2025 ஆகஸ்டில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிக்டனில் புதுக் கப்பலுக்கான ஜெட்டி வேலை நடக்க அந்தக் கப்பல் நின்ற இடம் வேண்டும் என்பது முக்கியக் காரணம். அதாவது புதுக் கப்பல் வருவதற்கு ஏறக்குறைய நான்கு வருஷம் முன்னாலேயே ஜெட்டிக்காகப் பழைய கப்பல் இடம் விட வேண்டியிருந்தது. (அரடேரே 2024இல் தரைதட்டியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதைக் கப்பலின் வயதோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. அதில் பிரச்சினை கொடுத்தது புதிதாக மாட்டிய சுக்கான் கட்டுப்பாட்டுக் கருவியும், அதிலிருந்து கட்டுப்பாட்டை உடனே திரும்பப் பெற ஆட்களுக்குத் தெரியாமல் போனதும். எல்லாவற்றையும் பழசு என்று தள்ளிவிட முடியாது.)

அடுத்தது டாஸ்மேனியா. இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் முதலில் நம்ப மாட்டார்கள். ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் அந்தத் தீவுக்கும் இடையே ஓடும் இரண்டு கப்பல்களும் 1998இல் கட்டியவை. அவற்றுக்குப் பதிலாக பின்லாந்தின் ரௌமா தளத்தில் புதுக் கப்பல்களுக்குச் சொன்னார்கள். அதுவும் இரண்டாவது முயற்சிதான். முதலில் பேசிவைத்த ஜெர்மன் தளம் பணச் சிக்கலில் விழுந்துவிட்டது. எப்படியோ 2024இல் முதல் கப்பல் தயார். ஆனால் தீவின் துறைமுகமான டெவன்போர்ட்டில் அது வந்து நிற்க ஜெட்டி இல்லை! புத்தம்புதுக் கப்பலைக் கொண்டுபோய் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் நிறுத்தி வைத்தார்கள். வாடகைக்கு விடலாமா என்றுகூட ஆள் தேடினார்கள். உள்கட்டமைப்பு அமைச்சர் மைக்கேல் ஃபெர்குசன் அந்தத் துறையை விட்டார், சில வாரங்களில் மாநிலத் துணை முதல்வர் பதவியையும் விட்டார். கப்பல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது 2025 ஆகஸ்டில்தான். அப்போதும் ஜெட்டி தயாராகவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அந்தக் கப்பல் சும்மா நின்றுகொண்டிருந்த ஸ்காட்லாந்திலேயே தீவு மக்கள் ஃபெர்ரி இல்லாமல் அல்லாடிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்காட்லாந்தில் குற்றம் கப்பல் கட்டும் தளத்திலும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 2015இல் ஃபெர்குசன் மரீன் தளத்துக்கு இரண்டு கப்பல்கள், 9.7 கோடி பவுண்டு. முதல் கப்பல் கிளென் சானக்ஸ் 2018இல் ஓட வேண்டியது. 2017 நவம்பரில் தண்ணீரில் இறக்கும் விழா நடத்தினார்கள். அப்போது கப்பலில் ஜன்னல் கூட முழுசாக இல்லை, ஜன்னல் மாதிரி கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். 2019இல் தளம் திவால் நிலைக்குப் போய், அரசு கையகப்படுத்தியது. கடைசியில் 2025 ஜனவரியில்தான் கிளென் சானக்ஸ் பயணிகளை ஏற்றியது. செலவு பல மடங்கு ஏறிவிட்டது. முழுப் பணத்தையும் திரும்பப் பெறும் உத்தரவாதம் இல்லாமல் இந்த ஒப்பந்தத்துக்கு அமைச்சர்கள் ஏன் ஒப்புக்கொண்டார்கள் என்பதற்குப் போதிய எழுத்து ஆதாரம் இல்லை என்று 2022இல் தணிக்கை அமைப்பு எழுதியது.

சரி, கப்பல் வந்துவிட்டது. எங்கே நிற்கும்? ஆரன் தீவுக்குப் போகும் கப்பல்கள் வழக்கமாகக் கிளம்புவது ஆர்ட்ரோசனிலிருந்து. 2017இலேயே ஆர்ட்ரோசன்தான் தொடர்ந்து முக்கியத் துறைமுகம், அதை மேம்படுத்துவோம் என்று முடிவு செய்திருந்தார்கள். மேம்படுத்தவில்லை. அந்தத் துறைமுகம் தனியார் கையில் இருந்தது, யார் எவ்வளவு போடுவது என்பதிலேயே வருஷங்கள் ஓடின. புதுக் கப்பல் உள்ளே வர முடியாமல் ட்ரூன் என்ற வேறு துறைமுகத்திலிருந்து ஓடுகிறது, பயண நேரமும் கூடிவிட்டது. ஆர்ட்ரோசன் துறைமுகத்தை வாங்கிவிடலாமா என்ற யோசனையை அரசு வெளியே சொன்னது 2025இல். கப்பல் ஏழு வருஷம் தாமதம் என்று தலைப்புச் செய்தி போட்டவர்கள் எல்லாரும், அந்த ஏழு வருஷமும் ஜெட்டி கட்டக் கிடைத்த நேரம் என்பதைக் கவனிக்கவே இல்லை.

இதற்கிடையில் பழைய கப்பல் என்ன ஆகிறது? அதே ஆரன் வழித்தடத்தின் முக்கியக் கப்பலான கலிடோனியன் ஐல்ஸ், 1993இல் கட்டியது, 2024 ஜனவரியில் வழக்கமான வருடாந்திரப் பராமரிப்புக்குப் போனது. சுண்ணாம்பு சுரண்டப் போய்ச் செங்கல் கையோடு வந்த கதையாகிவிட்டது. இரும்புத் தகடுகளில் எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ அதிகமாக அரிப்பு. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று. சில வாரம் என்று போன கப்பல் ஒரு வருஷம் தாண்டியும் திரும்பவில்லை. கப்பல் பற்றாத குறைக்கு 1984இல் கட்டிய ஐல் ஆஃப் ஆரன் ஓடியது. தனியார் நிறுவனத்தின் ஆல்ஃபிரட் என்ற இரட்டை உடல் கப்பலை 2023லிருந்து மாதம் சுமார் 10 லட்சம் பவுண்டு வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார்கள்.

ஃபெர்ரி சீக்கிரம் தேய்கிற வகைக் கப்பல். சரக்குக் கப்பல் நாள்கணக்கில் ஒரே வேகத்தில் போகும். ஃபெர்ரி ஒரே நாளில் பல தடவை ஜெட்டியில் அணைந்து, வேகம் கூட்டி, குறைத்து, பின்னால் வந்து, திரும்ப வேண்டும். கதவையும் சாய்தளத்தையும் ஓயாமல் திறந்து மூட வேண்டும், அதன்மேல் லாரிகள் ஏறி இறங்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய ஆய்வில் தகடுகளின் கனத்தை ஒலியலைக் கருவி வைத்து அளப்பார்கள். வயதாக வயதாக அளக்க வேண்டிய இடங்கள் அதிகமாகும், வெட்டி மாற்ற வேண்டிய தகடுகளும் அதிகமாகும். எஞ்சின் உதிரிபாகம் செய்த கம்பெனியே இருக்காது. பட்டறையில் தனியாகக் கடைந்து வாங்க வேண்டும். முப்பது வயதைத் தாண்டிய கப்பலைப் பாதுகாப்பாக ஓட்டவே முடியாது என்று நான் சொல்லவில்லை, ஓட்டலாம். ஆனால் அது வருஷத்தில் எத்தனை நாள் ஓடும் என்று எவராலும் சொல்ல முடியாது. தீவில் இருப்பவருக்கு அதுதான் பிரச்சினை. டாக்டரிடம் நாள் வாங்கியவரும், மீனை ஐஸில் போட்டு அனுப்புகிறவரும் அட்டவணையை நம்பித்தான் வாழ்கிறார்கள்.

அப்படியிருந்தும் ஏன் தள்ளிப்போடுகிறார்கள்? என் சந்தேகம் இது. புதுக் கப்பல் வாங்குகிறவர் ஒரு பெரிய தொகைக்கு நேராகக் கையெழுத்துப் போடுகிறார். தப்பானால் அவர் பெயர் காலத்துக்கும் நிற்கும். இந்த வருஷம் வேண்டாம் என்று கோப்பை ஓரமாக வைத்தவர் எந்தக் காகிதத்திலும் கிடையாது. தள்ளிப்போட்டதன் செலவு வேறு வேறு தலைப்பில் போய் ஒளிந்துகொள்ளும்: பராமரிப்பில் கொஞ்சம், வாடகைக் கப்பலில் கொஞ்சம். மீதியைப் பயணிகளே தங்கள் பாக்கெட்டிலிருந்து கட்டிவிடுவார்கள், அதற்குக் கணக்கே இல்லை. ஜெட்டி விஷயத்தில் இது இன்னும் மோசம். கப்பல் ஒரு அமைப்புடையது, ஓட்டுவது இன்னொரு நிறுவனம், துறைமுகம் வேறு யாருடையதோ. ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் காத்திருப்பதற்கு நியாயமான காரணம் வைத்திருப்பார்கள்.

ஜெட்டிக்குள் அடங்குகிற மாதிரி சின்னதாக, அந்தத் தடத்துக்கென்றே அளவெடுத்து ஒரு கப்பலைக் கட்டிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். ஒரு தடத்துக்கு அது சரிப்பட்டு வரும். பழுதானால் பக்கத்துத் தடத்துக் கப்பலை அங்கே கொண்டுவர முடியாது என்பதுதான் வம்பு. ஸ்காட்லாந்தே பிற்பாடு துருக்கியின் ஜெம்ரே தளத்தில் ஒரே வடிவமைப்பில் நான்கு கப்பல்கள் சொன்னது. அவையும் தாமதமாகத்தான் வருகின்றன. ஆனாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை ஓட்டலாம், ஒரே உதிரிபாகம் நாலுக்கும் பொருந்தும். இந்த வழிதான் சரி என்று எனக்குப் படுகிறது. அதற்கு ஜெட்டிகளையும் ஒரே அளவுக்கு மாற்ற வேண்டும் என்பதால், மறுபடியும் கரைக்கே வந்து நிற்கிறோம்.

அதனால் அடுத்த முறை புதுக் கப்பல் அறிவிப்பு வந்தால் இருக்கை எத்தனை, பேட்டரியா டீசலா என்று கேட்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இரண்டு கரையிலும் ஜெட்டி வேலைக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதா, எந்த மாதம் முடியும், அந்த மாதங்களில் இப்போதைய கப்பல் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் பழைய கப்பலின் அடுத்த ஐந்தாண்டு ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்றாவது கேட்டு வையுங்கள். இன்னும் பல காலம் அதில்தான் போகப்போகிறீர்கள்.