இமயமலை லிஸ்ட்டைத் தூக்கிக்கொண்டு குரங்கணிக்கு வராதீர்கள்

சீசன் தொடங்கினால் போதும், 'மூணாறு பக்கம் ட்ரெக்கிங் போறோம், என்னென்ன வாங்கணும்?' என்ற கேள்வி எல்லாக் குழுவிலும் வந்துவிடும். பதிலுக்கு வரும் லிஸ்ட்டும் மாறாது. இறகு அடைத்த டவுன் ஜாக்கெட், தெர்மல் உள்ளாடை, கணுக்கால் மூடும் வாட்டர்புரூஃப் பூட்ஸ், 60 லிட்டர் பை. லிஸ்ட்டில் குறையில்லை, ஊர்தான் தப்பு. உத்தராகண்டுக்குப் போட்டதைப் போடிமெட்டுக்குக் கொண்டுவந்தால் காசும் போகும், முதுகும் போகும்.

நம் தமிழ்நாடு-கேரள எல்லை மலையில் பகலில் குளிர் பெரிய எதிரி இல்லை. அடிவாரத்துப் போடி சுமார் 350 மீட்டர் உயரம், மீசைப்புலிமலை உச்சி 2,640 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. கீழே 33 டிகிரி என்றால் உச்சியில் 18 வாக்கில் இருக்கும். உலர்ந்த உடம்புக்கு அது சுகமான குளிர். நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றில் நின்றால் அதே 18 டிகிரியில் பல் கிட்டும். ஜீன்ஸும் காட்டன் டீஷர்ட்டும் வேண்டாம் என்பது அதனால்தான். பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது. பாலியஸ்டர் முழுக்கைச் சட்டை ஒன்று, சீக்கிரம் காயும் பேண்ட் ஒன்று, பைக்குள் மெல்லிய ஃபிளீஸ் மேல்சட்டை ஒன்று போதும். டவுன் ஜாக்கெட்டின் இறகு நனைந்தால் கட்டிதட்டிப் போகும், பிறகு அது சும்மா சுமை.

பாலியஸ்டருக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். சரிவில் மேல்நோக்கி ஓடும் தீயை மனிதன் ஓடி ஜெயிக்க முடியாது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் சுமார் இரண்டு மடங்காகும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தமிழ்நாட்டுப் பக்கம் மலையேற்றத்தை நிறுத்தி வைப்பது அதற்காகத்தான். அந்த மாதங்களுக்கு எந்தக் கருவியும் பதில் இல்லை, போகாமல் இருப்பதுதான் பதில்.

காலணிக்கு வருவோம். வாட்டர்புரூஃப் பூட்ஸ் பனியில் நல்லது. இங்கே முழங்கால் உயரப் புல்லில் நடக்கும்போது தண்ணீர் மேல்வழியாக உள்ளே போகும். போன தண்ணீர் வெளியே வராது. நாள் முழுக்க ஊறிய கால் வெளுத்து, தோல் சுருங்கி, இறக்கத்தில் கொப்புளம் கட்டும். வலைத்துணி வைத்த சாதாரண ட்ரெயில் ஷூ நனையும், நடக்க நடக்கக் காயவும் செய்யும். அடிப்பாகத்துப் பற்கள் 4 முதல் 5 மில்லிமீட்டர் ஆழம் இருக்கட்டும், தேய்ந்த ஷூவோடு ஈரக் களிமண்ணில் இறங்குவது விழுவதற்குப் போடும் திட்டம். ஏற்றத்தைவிட இறக்கம்தான் கால்விரலைக் கொல்லும். ஷூவின் கடைசித் துளையில் கயிற்றை ஒரு வளையமாக விட்டு, எதிர்ப்பக்கக் கயிற்றை அந்த வளையத்துக்குள் நுழைத்து இறுக்கினால் குதிகால் பிடிபடும், விரல் முன்னால் போய் மோதாது. நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

பீரோவில் நாலைந்து வருஷம் கிடந்த ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டு வருபவர்களுக்கு: பார்க்கப் புதிதாகவே இருக்கும். ஆனால் நடு அடுக்கில் இருக்கும் பாலியூரித்தேன் நுரை, காற்றிலுள்ள ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்திருக்கும். பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரிசல் விட்டாலோ பொடிந்தாலோ, பாதி வழியில் அடிப்பாகம் மொத்தமாகக் கழன்று விழும். பையில் கேபிள் டை நாலைந்து போட்டுவையுங்கள். கழன்ற அடிப்பாகத்தைக் கட்டிக்கொண்டு ஊர்வந்து சேர அது போதும்.

அட்டை. கேரளப் பக்கச் சோலைகளில் மழைக்காலத்தில் இது இல்லாமல் பேச்சே இல்லை. சாதாரண சாக்ஸின் கண்ணிக்குள் அட்டை நுழைந்துவிடும். அட்டை சாக்ஸ் என்பது நெருக்க நெய்த துணியில் முழங்கால் வரை தைத்த பை, அவ்வளவுதான். ஆன்லைனில் வாங்க வேண்டியதில்லை. காடாத் துணி ஒரு மீட்டர் வாங்கி டெய்லரிடம் கொடுத்தால் ஒரு ஜோடி தைத்துத் தருவார். ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள், தையல் இடைவெளியில்தான் குட்டி அட்டை புகும். மேலே நாடா கோத்துக் கட்ட வேண்டும். சாதாரண சாக்ஸ், அதன்மேல் அட்டை சாக்ஸ், பேண்ட்டின் கால் அதற்குள், கடைசியாக ஷூ. இந்த வரிசை மாறினால் பயன் இல்லை. புகையிலைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால் கிட்டே வராது, ஒரு நல்ல மழை அடித்தால் கரைந்துவிடும். எஸ்டேட் ஆட்கள் குச்சி நுனியில் உப்பு முடிச்சு கட்டி வைத்திருப்பார்கள். துணியில் ஏறும் அட்டையை அதனால் தொட்டால் விழுந்துவிடும். தோலில் கடித்துவிட்டால் மட்டும் உப்பும் நெருப்பும் வைக்காதீர்கள், குடித்ததைக் காயத்திலேயே கக்கும். ஒல்லியான முனைப் பக்கம் நகத்தை வைத்துத் தோலோடு சேர்த்து வழித்து எடுங்கள். அதன் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது, அதனால் வெகுநேரம் கசியும். அழுத்திப் பிடித்து, கழுவி, கட்டுப் போட்டால் சரி.

மழைக்குத் தலைவழியே மாட்டும் பான்சோ வேண்டாம். உண்ணிச்செடி முள்ளில் மாட்டி அரை மணி நேரத்தில் கந்தலாகும், மேட்டில் காற்றடித்தால் முகத்தை மூடும். தலைமூடி வைத்த சாதாரண ரெயின் ஜாக்கெட் போதும். பைக்குப் போடும் மழை உறையை முழுதாக நம்பாதீர்கள், முதுகு வழியாக வழியும் தண்ணீர் உள்ளே போகும். தடிமனான பெரிய பாலித்தீன் பையை உட்புறம் விரித்து, துணி, உணவு, பவர்பேங்க் எல்லாவற்றையும் அதற்குள் போட்டு வாயை முறுக்கி மடித்துவிடுங்கள். தண்ணீர் புகாத விலை உயர்ந்த டிரை பேக் செய்யும் வேலையை இது செய்யும்.

தண்ணீரில் ஒரு விஷயம் யாரும் சொல்வதில்லை. காட்டு ஓடைக்கு ஃபில்டர் சரி. ஏலத்தோட்டத்துக்கும் தேயிலைக்கும் கீழே ஓடும் ஓடையில் பூச்சிமருந்து கரைந்திருக்கலாம், 0.1 மைக்ரான் ஃபில்டர் கிருமியைத்தான் பிடிக்கும், கரைந்த மருந்தைப் பிடிக்காது. குளோரின் மாத்திரையும் உதவாது, காய்ச்சினாலும் நம்பக்கூடாது. தோட்டத்துக்கு மேலே பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆளுக்கு 3 லிட்டர் சுமந்துவிடுங்கள்.

இனி வழி. போனில் ஜிபிஎஸ் வேலை செய்ய சிக்னல் தேவையில்லை, வரைபடம் உள்ளே இருந்தால் போதும். ஓஎஸ்எம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற வரைபட ஆப்களில் அந்தப் பகுதியை வீட்டிலேயே இறக்கிவிட்டு, ஃபிளைட் மோடில் போட்டு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். கூகுள் மேப்பை நம்பாதீர்கள், ஒற்றையடிப் பாதை பலதும் அதில் கிடையாது. 10,000 எம்ஏஎச் பவர்பேங்கில் கைக்கு வருவது 6,000 சொச்சம்தான். 5,000 பேட்டரியை ஒன்றேகால் தடவை நிரப்பும். சார்ஜிங் துளையில் ஈரம் இருந்தால் பல போன்கள் சார்ஜ் ஏற மறுக்கும். ஜிப் கவரில் வைப்பது அதற்காக.

போன் செத்தபிறகும் வழி தெரிய வேண்டும், அதற்குக் காகிதம். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாளில் 1 செ.மீ. என்பது 500 மீட்டர், அடுத்தடுத்த சமஉயரக் கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் 20 மீட்டர். பழைய எண்ணில் மூணாறு 58 எஃப்/4, போடி 58 எஃப்/8. குரங்கணி இரண்டு தாளும் சேரும் ஓரத்தில் விழுவதால் ஒன்றை மட்டும் வாங்கிப் பயனில்லை. பழைய தாள் எவரெஸ்ட் என்ற பழைய நில அளவீட்டு முறையில் வரைந்தது. போனின் ஜிபிஎஸ் காட்டும் டபிள்யூஜிஎஸ் 84 முறை எண்களை அதில் நேராகக் குறித்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். மேட்டு விளிம்பில் அது பாதைக்கும் பாறைச் சரிவுக்கும் உள்ள வித்தியாசம்.

காம்பஸில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் பூமியின் காந்தம் முள்ளின் வடமுனையைக் கீழே இழுக்கும், அதைச் சமன்செய்ய, அங்கே விற்கும் காம்பஸில் முள்ளின் தென்பக்கம் எடை கூட்டியிருப்பார்கள். தென் தமிழகமும் தென் கேரளமும் காந்த நடுக்கோட்டை ஒட்டியிருக்கின்றன. 1963-ல் இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவத் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கே அதுதான் காரணம். இங்கே கீழிழுப்பு ஏறக்குறைய இல்லை, கூட்டிய எடை மட்டும் இருக்கிறது. தென்முனை தொங்கி அடித்தட்டில் உரசி, முள் பாதியில் நின்றுவிடும். வாங்கியதும் மேசையில் சமமாக வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் தடையில்லாமல் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் மாற்றுங்கள். மலையில் போய்த்தான் தெரிந்தது என்றால், முள் விடுபடும் வரை தட்டைக் கொஞ்சம் தெற்கே சாய்த்துப் பிடித்துச் சமாளிக்கலாம். போனோடு ஒரே பாக்கெட்டில் வைக்காதீர்கள், காந்தம் ஏறி முள் தலைகீழாகவே மாறிவிடலாம். மாறியதா என்று பார்க்க, காலையில் உதிக்கும் சூரியனைப் பார்த்து நில்லுங்கள், வடக்கைக் காட்டும் சிவப்பு முனை இடதுகைப் பக்கம் காட்ட வேண்டும். காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் இங்கே வித்தியாசம் 2 டிகிரி அளவுதான், ஒரு கிலோமீட்டருக்கு 35 மீட்டர், விட்டுவிடலாம்.

மூடுபனியில் இந்தத் துல்லியத்தைவிட ஒரு தந்திரம் அதிகம் உதவும். பாதையில் இருக்கும் கேம்ப்பை நேராகக் குறிவைக்காதீர்கள். வேண்டுமென்றே 5 டிகிரி வலப்பக்கம் தள்ளி நடங்கள், ஒரு கிலோமீட்டருக்கு 90 மீட்டர் அளவு தள்ளும். பாதையில் ஏறியதும் எந்தப் பக்கம் திரும்புவது என்ற குழப்பம் இருக்காது, இடதுபக்கம்தான். 'தண்ணி போற வழியில இறங்கினா ஊர் வரும்' என்ற பேச்சைத் தேனிப் பக்கச் சரிவில் மறந்துவிடுங்கள், ஓடை செங்குத்தான பாறையில் போய் அருவியாக விழும். அகலமாக, சீரான ஏற்றமாக, நன்றாக மிதிபட்டிருக்கும் தடத்தைப் பார்த்தும் சந்தோஷப்பட வேண்டாம், அது யானைத்தடமாக இருக்கும். கூட வரும் வனத்துறை வாட்சரோ முதுவர் பழங்குடி வழிகாட்டியோ 'அது வேண்டாம்' என்றால் ஜிபிஎஸ்ஸைக் காட்டி வாதாடாதீர்கள்.

தேனிப் பக்கம் கிழக்குச் சரிவு. சூரியன் மேட்டுக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடும், 4 மணிக்கு மேல் காட்டுக்குள் இருட்டத் தொடங்கும். தலையில் மாட்டும் டார்ச் மூடுபனியில் கண்ணெதிரே வெள்ளைச் சுவரைத்தான் காட்டும். கழற்றி இடுப்பு உயரத்தில் கையில் பிடியுங்கள், தரை தெரியும்.

வெளிநாட்டிலிருந்து சாட்டிலைட் மெசஞ்சர் வாங்கி வரும் ஆசை சிலருக்கு இருக்கிறது. இந்தியாவில் அனுமதியில்லாமல் சாட்டிலைட் தொலைத்தொடர்புக் கருவி வைத்திருப்பது சட்டப்படி குற்றம், ஏர்போர்ட்டிலேயே பிடிபடலாம். ஒரு விசிலும் 112 என்ற அவசர உதவி எண்ணும் போதும். 112-ல் ஒரு சிக்கல் உண்டு: மேட்டில் உங்கள் போன் எந்த மாநில டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. கொழுக்குமலை தேனி மாவட்டம், ஜீப் வழியோ சூரியநெல்லியிலிருந்து. அதனால் பேசத் தொடங்கும்போதே மாநிலம், மாவட்டம், எந்த வழியாக ஏறினீர்கள், எண்களில் அட்சரேகை தீர்க்கரேகை, எத்தனை பேர், என்ன காயம் என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். அதே விவரத்தை, திரும்ப வேண்டிய நேரத்தோடு, ஒரு தாளில் எழுதிக் கீழே இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஏறுங்கள். இரு பக்க வனத்துறையின் அனுமதிச் சீட்டின் நகலும் அந்தத் தாளோடு இருக்கட்டும்.