10,372 கோடி ரூபாய் முழுவதும் ஜிபியுவுக்கு அல்ல

"10,372 கோடிக்கு அரசு ஜிபியு (ஏஐ கணக்கீடுகளை வேகமாகச் செய்யும் சிப்) வாங்கிப் பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தவறு. 2024 மார்ச்சில் அமைச்சரவை ஒப்புதல் அளித்த அந்தத் தொகை இந்தியா ஏஐ (செயற்கை நுண்ணறிவு) திட்டம் முழுமைக்குமானது, அதுவும் ஐந்தாண்டுகளுக்கு. கணினித் திறனுக்கு அதில் பாதிகூட இல்லை. இப்போது வழங்கப்படும் ஜிபியுக்கள் தேர்வான தனியார் நிறுவனங்களுடையவை. அவற்றைப் பயன்படுத்துவதற்கான மணிநேரக் கட்டணத்தில் 40 சதவீதம் வரை அரசு ஏற்கிறது. மாணவர்களும் ஆய்வாளர்களும்கூட விண்ணப்பிக்கலாம்.

சர்வம் என்ற ஏஐ நிறுவனத்துக்கு 4,096 ஜிபியு ஒதுக்கியதைக் கேள்வி கேளுங்கள், அது நியாயம். ஆனால் எங்கள் ஆய்வகத்தில் ஆறு பேர் ஒரே ஜிபியு கார்டுக்கு முறை வைத்து, இரவு இரண்டு மணிக்கு எழுந்து வந்து வேலையை ஓட்டுகிறோம். நீங்கள் எழுதிய அந்த வாக்கியத்தை நம்பி எங்களில் ஒருவர் விண்ணப்பிக்காமல் விட்டுவிடக் கூடாது. தயவுசெய்து திருத்துங்கள்.