200 ரூபாய்தான் கண்ணை உறுத்துகிறதா?

இலங்கையில் தோட்டத் தொழிலாளர் வேலைக்கு வருகிற நாளுக்கு அரசாங்கம் கொடுக்கிற 200 ரூபாயைப் பற்றிய அந்த விவாத வீடியோ இன்னும் என் டைம்லைனில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. "தனியார் கம்பெனி ஆட்களுக்கு நம்ம வரிப்பணத்தில் ஏன் 200 ரூபாய்?" என்று கேட்டவரைக்கூட விட்டுவிடலாம். அதை நம்ம தோட்டப்புறத்து ஹட்டன் பிள்ளைகளே கைதட்டி ஷேர் செய்வதைத்தான் தாங்க முடியவில்லை.

சரி, வரிப்பணத்தைப் பற்றியே பேசுவோம். 2025 பட்ஜெட்டில் அரசாங்க விமான நிறுவனமான ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் பழைய கடனுக்கு 20 பில்லியன் ரூபாய். 2026 பட்ஜெட்டில் தோட்டத் தொழிலாளரின் வருகைக் கொடுப்பனவுக்கு, அதாவது இந்த 200 ரூபாய்க்கு, 5 பில்லியன். முதலாவதையும் திட்டினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விமானம் நட்டப்பட்டால் "நிர்வாகம் சரியில்லை" என்பார்கள். தோட்டத்துக்கு வந்தால் மட்டும் "இவர்களுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?" அங்கே குற்றவாளி மேனேஜர், இங்கே கொழுந்து பறிக்கிறவள்!

விமான ஊழியருக்கு உதவக் கூடாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. 2020இல் அமெரிக்கா விமான ஊழியரின் சம்பளத்துக்கென்றே பணம் கொடுத்தது, செப்டம்பர் 30 வரை யாரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. கொடுத்தால் அப்படிக் கொடுக்க வேண்டும், உழைக்கிறவர் கைக்குப் போகிற மாதிரி.

என் சித்தி மகன் அப்போது கட்டுநாயக்க விமான நிலையத்தில் விமானம் சுத்தம் செய்கிற வேலையில் இருந்தான். மேன்பவர் ஏஜென்சி ஆள். கழுத்தில் தொங்கிய பாஸைப் பார்த்து லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரும் அவனை "பைலட்" என்றுதான் கூப்பிடுவோம். கொரோனா வந்தது, ஒரே ஒரு போன் கால், வேலை போனது. மிச்சமிருந்த கையுறைப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். எந்த நிவாரணமும் அவனைத் தேடி வரவில்லை. நாடே ஊரடங்கில் கிடக்க, தோட்டத்துக்கு மட்டும் அனுமதி. டொலர் வேண்டுமே! சித்தி அவனுடைய கையுறையையே மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிறுவை குறைந்த நாளில் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். அந்த அரைப்பேரில்தான் பைலட்டும் சாப்பிட்டான்.

"விமானம் அரசாங்கத்தினுடையது, தோட்டம் கம்பெனியுடையது" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். 1992இல் அரசாங்கம் கம்பெனிகளுக்குக் கொடுத்தது நிர்வாகத்தை. நிலம் அரசாங்கத்தினுடையது, கம்பெனிக்குக் குத்தகைதான். முழுச் சம்பளத்தையும் கம்பெனியே கொடுக்க வேண்டும் என்கிறீர்களா? சந்தோஷம், போய்க் கேளுங்கள். நாட்சம்பளம் 1000 ரூபாய்க்கு 2021 வரை இழுத்தடித்தார்களே, 2024இல் 1700க்கு அரசாங்க வர்த்தமானி அறிவித்தல் வந்ததும் நீதிமன்றம் போனார்களே, அப்போதெல்லாம் இந்த வாய் எங்கே இருந்தது? 2026இல் கம்பெனி நாளுக்குக் கொடுப்பது 1550. மேலே வருகிற 200தான் உங்களுக்கு உறுத்துகிறது.

விமானம் டொலர் கொண்டுவருகிறதாம். தேயிலை என்ன, வருஷத்துக்கு நூறு கோடி டொலருக்கு மேல் சும்மாவா கொண்டுவருகிறது?

இன்னொருவர் "வரியே கட்டாத கூட்டம்" என்று எழுதியிருக்கிறார். சித்தியின் சோப்புக்கும் போன் ரீலோடுக்கும் 18 சதவீத வற் வரியை யார் கட்டுவது, உங்கள் மாமாவா? ஸ்ரீலங்கன் குத்தகைக்கு எடுக்க ஒப்பந்தம் போட்டுவிட்டுக் கைவிட்ட ஏ350 விமானங்களுக்கு நட்டஈடு கட்டினார்களே, அதிலும் அந்தச் சோப்புக் காசு இருக்கிறது.

இதற்குக் கீழே வந்து "அரசியல் பேசாதே" என்று எழுதுபவர்களை பிளாக் பண்ணுவேன். இன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை.