ஒன்பது நாளில் பதினொரு மேடை

நவராத்திரி வந்துவிட்டால் மலையகத்தில் மிருதங்கம் வாசிக்கத் தெரிந்தவனுக்குத் தூக்கம் கிடையாது. பாடசாலையில் வாணி விழா, பிரதேச செயலகத்தில் வாணி விழா, வங்கியில் வாணி விழா, தேயிலைத் தோட்டத்துக் கோவிலில் கொலு. போன வருடம் ஒன்பது நாளில் பதினொரு இடத்துக்குத் தலையாட்டினேன். வாசிப்பு எனக்குத் தொழிலும் அல்ல. ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். "பதினொன்றை ஒன்பதால் வகுக்கத் தெரியாத கணக்கு வாத்தியார்" என்று மனைவி சொன்னாள்.

"சும்மா வந்து ஒரு பாட்டுக்குத் தட்டிவிட்டுப் போங்கள் சேர்" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தச் சும்மாவைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மழையில் மிருதங்கத்தைப் பொலித்தீனில் சுற்றி, நோர்வூட் பஸ்ஸில் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். நம் ஊர் ஈரத்துக்குத் தோல் தளர்ந்துவிடும். போனதும் கல்லும் கட்டையுமாக உட்கார்ந்து சுருதி கூட்ட வேண்டும். தொப்பி என்கிற இடது பக்கத்தில் ஒட்ட ரவை பிசைய வேண்டும். பிறகு நான்கு பேருடைய உரை. அதில் ஒருவராவது "நேரம் போதாமையால் சுருக்கமாக" என்று தொடங்குவார். அவர்தான் ஆக நீளம். ஐந்து நிமிடப் பாட்டுக்கு அரை நாள்.

மறுக்க ஏன் முடிவதில்லை? தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இது புரியும். மாசி அமாவாசை கழிந்து, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றினால், தப்பு என்கிற பறையை அடிக்கத் தெரிந்தவனை யாரும் அழைப்பதில்லை. அவன் வருவான், அவ்வளவுதான். நானும் இன்றுவரை அப்படித்தான் போகிறேன். அந்தப் பழக்கத்தோடு 2023 வந்தது. மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டு நினைவு. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்கள். இங்கே கருத்தரங்குக்குக் கூடத் தப்பு கேட்டார்கள். சாவு வீட்டு வாத்தியம் என்று முகம் சுளித்தவர்களே மேடைக்கு அழைக்கும்போது முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வருடம் பழகிய "சரி" இன்னும் விடவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் முதலில் காணாமல் போனது சாதகம். வாசிக்கப் போகிற அவசரத்தில் வாசித்துப் பழக நேரமில்லை. போன வருடம் ஏழாம் நாள், ஒரு பாடசாலையில் ஒரு சிறுமி ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவில் பாடினாள். எனக்கு அன்று அது இரண்டாவது மேடை. நடுவில் எங்கேயோ என் கை எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்துக்குப் போய்விட்டது. ஏழு எட்டானது. பிள்ளை திகைத்து நின்று, என்னைப் பார்த்து, எப்படியோ பிடித்து முடித்தாள். திரைக்குப் பின்னால் வந்து, "தாளம் விட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் சேர்" என்று அழுதாள். விட்டது நான்தான் என்று அவளிடம் சொன்னேன். நம்பவில்லை. சேர் பிழை விடமாட்டார் என்று அவளுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அன்றிரவு தூங்காமல் கிடந்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. நான் ஊருக்காகத்தான் ஓடுகிறேன் என்று நினைத்திருந்தேன். அதில் பாதி, என்னைக் கேட்க வேண்டும் என்ற ஆசை. வேறு யாரையாவது அழைத்துவிடுவார்களோ என்ற பயமும் சேர்ந்தது.

இம்முறை மூன்று இடம் மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். காமன் கூத்து இந்தக் கணக்கில் வராது. அதில் கை வைத்தால் தோட்டத்துக்குள் நுழைய முடியாது. நேற்று நான்காவதாக ஒருவர் அழைத்தார். என்னிடம் பழகும் பத்தாம் தரப் பையன்கள் இருவரை அனுப்புகிறேன் என்றேன்.

"சின்னப் பிள்ளைகளா சேர்?" என்று இழுத்தார்.

நான் முதன்முதலில் மேடை ஏறியதும் பத்தாம் தரத்தில்தான். அன்றைக்கு எங்கள் வாத்தியாருக்குக் காய்ச்சல் என்றார்கள். மறுநாள் காலை அவரைப் பஸ் நிலையத்தில் பார்த்தேன், நல்ல சுகமாகத்தான் இருந்தார்.