பழைய மெட்டு மட்டுமல்ல

இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் 2015, 2017, 2019இல் வந்த மூன்று 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் பழைய மெட்டுகளையே திருப்பிப் போட்டார் என்கிறது ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை.

இந்தப் படங்களின் நாயகி ரேவுக்கான தீம் இசையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் வந்த முதல் படத்தின் தலைப்பிசை மாதிரி ட்ரம்பெட் முழங்கி எழுவதில்லை. செலஸ்டா (மணி போல ஒலிக்கும் விசைப்பலகைக் கருவி), புல்லாங்குழல் என்று சின்னச் சின்னத் துணுக்குகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த பிறகுதான் பாட்டாக மலர்கிறது. தன் குடும்பம் யாரென்றே தெரியாத பெண்ணுக்கு அதுதானே பொருத்தம்? 'ஃபோர்ஸ்' என்ற மாயசக்திக்கான பழைய தீம் அதனோடு சேரும் இடம் அற்புதம்.

உண்மையான சிக்கல், இசை எழுதிய பிறகும் படத்தை வெட்டிக்கொண்டே இருக்கும் எடிட்டிங்கில். வில்லியம்ஸ் இன்றும் பென்சிலும் பியானோவுமாக எழுதுபவர். படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும்; நிமிடத்துக்கு 120 தட்டு வேகம் என்றால் ஒரு தட்டுக்கு 12 ஃபிரேம். எடிட்டர் 24 ஃபிரேம் வெட்டினால் இரண்டு தட்டு போகும், சமாளிக்கலாம். 18 வெட்டினால் ஒன்றரைத் தட்டு! தாளம் நொண்டும். அந்த இடத்தைத் திருத்தி எழுதி, மறுபடி ஆர்கெஸ்ட்ராவை உட்காரவைக்க வேண்டும். 2015 படத்தின் ஒலிப்பதிவு ஜூனில் தொடங்கி நவம்பர் வரை நீண்டது.

2017 படத்துக்கு இயக்குநர் ரையன் ஜான்சன் வில்லியம்ஸின் பழைய இசையையே, புது இசைக்கு வழிகாட்டியாக, தற்காலிகமாகப் படத்தில் ஒட்டிக் கொடுத்தார். பழைய வாசனை அடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். முழுப் பழியையும் இசையமைப்பாளர் மேல் போடாதீர்கள்.

புது மெட்டு வராதவரா என்றால், 90 வயதில், 2023இன் இண்டியானா ஜோன்ஸ் படத்தில் ஹெலெனா என்ற பாத்திரத்துக்கு அவர் எழுதிய மெட்டையும் கேளுங்கள்.