அது அழுக்கு இல்லைங்க, கிரெய்ன்

நேற்று ஆளாளுக்கு ஷேர் செய்த அந்த ‘மெருகேற்றிய’ படத்தைப் பற்றித்தான். லிங்க் தரப் போவதில்லை, அதற்கு இன்னும் பத்து லைக் நான் ஏன் பிடித்துத் தர வேண்டும்? 70களின் கடைசி, லண்டன் மேடை, பாடிக்கொண்டிருக்கும் கறுப்பின ரெகே (ஜமைக்காவில் பிறந்த இசை) பாடகர். கறுப்பு வெள்ளைப் படம். ஏஐ செயலியில் போட்டுக் கலராக்கி, கிரெய்னை, அதாவது ஃபிலிமில் தெரியும் அந்தப் பொடிப் புள்ளிகளை, வழித்தெடுத்து, ஓரத்தை வெட்டி, ‘அந்தக் கால பாப் கச்சேரி’ என்று போட்டாயிற்று. எடுத்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆண்டு இல்லை. பாடகருக்கு மட்டும் இரண்டு ஷேடு வெளுப்பு.

நிறவெறியை எதிர்த்து எடுத்த படத்துக்கே சிவப்பழகு கிரீம். பலே.

அது அழுக்கு இல்லை. அந்தக் கிளப்களில் வெளிச்சம் என்று ஒன்று இருந்தால்தானே. அப்போது போட்ட டிரை-எக்ஸ், எச்பி5 எல்லாம் 400 வேக ஃபிலிம் (ஒளியை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்ற கணக்கு). எஃப்2 லென்ஸை முழுக்கத் திறந்தாலும் 1/15 நொடி கேட்கும், ஆடுகிற ஆள் கலங்கிப்போவார். அதனால் 1600 என்று கணக்கு வைத்து 1/60இல் எடுத்து, ஃபிலிம் கழுவும் டெவலப்பரில் கூடுதல் நேரம் போடுவார்கள். இதற்குப் பெயர் இரண்டு ஸ்டாப் புஷ், அதாவது நாலில் ஒரு பங்கு ஒளியில் எடுத்து ஈடுகட்டுவது. காண்ட்ராஸ்ட் ஏறும், கிரெய்ன் பருக்கும். ஆனால் ஒளியே விழாத நிழல், எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் வராது. கறுப்புத் தோலின் நுணுக்கமெல்லாம் அந்த நிழலை ஒட்டித்தான் இருக்கும். ஸ்பாட் லைட் பட்ட வெள்ளைச் சட்டையை ஒளிமானி (மீட்டர்) அளந்தால் அதைச் சாம்பலாக்கிவிட்டு, முகத்தில் மை அப்பிவிடும். முகத்தை அளக்க வேண்டும், சட்டை வெளுத்தால் வெளுக்கட்டும். பிறகு பிரிண்ட் போடும்போது, கம்பியில் ஒட்டிய சின்ன அட்டையை முகத்துக்கு மேலே ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், 20 நொடி எக்ஸ்போஷரில் ஒரு 4 நொடி. ஆட்டாமல் பிடித்தால் சாமி படம் மாதிரி தலையைச் சுற்றி ஒளிவட்டம் விழும்.

இத்தனை பாடும் அந்தத் தோல் அதன் நிறத்திலேயே நிற்பதற்காக. செயலிக்குக் கிரெய்னும் ஒன்றுதான், தாடி மயிரும் ஒன்றுதான், நெற்றி வியர்வையும் ஒன்றுதான். எல்லாவற்றையும் துடைத்துப் பொம்மையாக்கிவிட்டது.

‘கலர்ல போட்டாத்தான் பசங்க பாப்பாங்க.’ சரி, போடுங்கள். மூலப் படத்தையும் பக்கத்தில் போடுங்கள். பெயரை வெட்டியதால் எத்தனை பசங்க கூடுதலாக வந்தார்கள்?

‘எடுத்தது யாருன்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?’ இதுதான் வலிக்கிறது. 1976 ஆகஸ்டில் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பர்மிங்காம் மேடையில் குடிபோதையில், குடியேறிகளை எதிர்த்த அரசியல்வாதி இனாக் பவலுக்கு ஆதரவாகப் பேசினார். அதைக் கண்டித்து இசை இதழ்களுக்குக் கடிதம் போட்டு ‘ராக் அகெயின்ஸ்ட் ரேசிசம்’ இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ரெட் சாண்டர்ஸுக்குத் தொழிலே புகைப்படம்தான். சிட் ஷெல்டன் படமும் எடுத்தார், இயக்கத்தின் ‘டெம்பரரி ஹோர்டிங்’ இதழ் வடிவமைப்பிலும் வேலை செய்தார். 1978 ஏப்ரல் 30, ட்ரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை ஊர்வலம், அங்கே பங்க் குழு த கிளாஷும் ரெகே குழு ஸ்டீல் பல்ஸும் ஒரே மேடையில். இவர்கள் பாஸ் வாங்கிக்கொண்டு வந்த பத்திரிகை ஃபோட்டோகிராஃபர்கள் இல்லை ஐயா, இயக்கத்து ஆட்கள். பெயரை வெட்டினால் இயக்கத்தையும் சேர்த்துத்தான் வெட்டுகிறீர்கள்.

இன்னொன்று. அமெரிக்க வெள்ளை இனவெறிக் கும்பலான கு க்ளக்ஸ் க்ளானைத் தாக்கிப் பாடும்போது ஸ்டீல் பல்ஸ்காரர்கள் அந்த வெள்ளை முக்காட்டையே மாட்டிக்கொண்டு பாடுவார்கள். குறிப்பை வெட்டிவிட்டு அந்தப் படத்தைப் போட்டுப் பாருங்களேன், கமெண்டில் என்ன வருகிறதென்று! ஏற்கெனவே கீழே ஒருவர் ‘மொட்டைத்தலைன்னாலே நாஜி’ என்று தீர்ப்பு எழுதிவிட்டார். பிரிட்டனின் மொட்டைத்தலை இளைஞர்களான ஸ்கின்ஹெட் கூட்டம் 60களில் ஸ்கா என்ற ஜமைக்கா இசைக்கு ஆடி வளர்ந்த கூட்டம். அதில் ஒரு பகுதியை நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சி வளைத்துப்போட்டது பிறகு. 1979இல் கவென்ட்ரியில் டூ டோன் என்ற ஸ்கா இசைத்தட்டு லேபிள் தொடங்கியபோதும் அதே மொட்டைகள் கச்சேரிக்கு வந்தார்கள், ஆடியவனும் உண்டு, அடித்துக்கொண்டவனும் உண்டு. எந்த மொட்டை எந்தப் பக்கம் என்று சட்டையில் குத்திய பேட்ஜைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உங்கள் செயலி அந்த பேட்ஜைத்தான் வெறும் வட்டமாக இழுகி வைத்திருக்கிறது.

இதைச் சொன்னால் ‘ஃபிலிம் பைத்தியம்’, ‘பொறாமை’. இருக்கட்டும். ஸ்கேன் செய்யும்போது, கிரெய்னைத் துடைக்கிற நாய்ஸ் ரிடக்‌ஷனைப் பூஜ்யத்தில் வையுங்கள், ஃபிரேமின் ஓரத்தை வெட்டாதீர்கள், பெயர், இடம், ஆண்டு போடுங்கள். கேட்டது இவ்வளவுதான், அதற்குத்தான் என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

காலையில் பார்த்தேன். அதே படம் வேறொரு பக்கத்தில், இன்னும் ஒரு சுற்று வெளுத்து.