முள்சீத்தா இலையோடு வராத கதை

போன மாதம் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானது. அன்று இரவே எங்கள் காரைக்கால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது. முள்சீத்தா இலைக்குக் கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தியாம், கரீபியன் தீவுப் பழங்குடிகள் காலங்காலமாகக் குடித்து வருகிறார்களாம். மறுநாள் விடியும்போதே சித்தப்பா ஒரு பை நிறைய இலையோடு வாசலில் நின்றார். பாசத்தில்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரியம்மா ஆறு நாள் காலையும் மாலையும் அந்தக் கஷாயத்தைக் குடித்தார்.

அந்தப் பத்தாயிரம் மடங்கு பொய் என்பது தெரிந்ததுதான். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது "கரீபியன் தீவுப் பழங்குடிகள்" என்ற இரண்டு மூன்று வார்த்தைகள். எந்தத் தீவு? யார் அந்த மக்கள்? அவர்கள் அந்த இலையை எதற்குப் பயன்படுத்துகிறார்கள்? ஃபார்வர்டு எழுதியவருக்கும் தெரியாது, அனுப்பியவருக்கும் தெரியாது.

கரீபியனில் குவாடலூப் என்று ஒரு தீவு. இன்றும் பிரான்சின் பகுதி. அங்கே முள்சீத்தாவுக்குப் பெயர் கொரொசோல். தூக்கம் வராதவர்களுக்கும் படபடப்பு உள்ளவர்களுக்கும் அந்த இலையைக் கொதிக்கவைத்துக் கொடுப்பது ஊர் வழக்கம். அதே தீவில் நரம்பியல் மருத்துவர்கள் விநோதமான ஒன்றைக் கவனித்தார்கள். 1999-ல் லான்செட் மருத்துவ இதழில் அது வெளிவந்தது. பார்க்கின்சன் போன்ற நடுக்கமும் விறைப்பும் உள்ள 87 நோயாளிகளைப் பார்த்ததில், வழக்கமான பார்க்கின்சன் நோய் இருந்தது 22 பேருக்குத்தான். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது வேறு மாதிரி. வழக்கமான மாத்திரை பெரிதாகக் கேட்காது, அடிக்கடி கீழே விழுவார்கள். அவர்களில் பலர் முள்சீத்தாப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் ஆண்டுக்கணக்கில் பழக்கமாக எடுத்தவர்கள். அந்தச் செடியில் உள்ள அன்னோனாசின் என்ற பொருள் நரம்பு செல்களைக் கொல்வதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். இதுதான் காரணம் என்று முடிவாக நிரூபணமாகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆய்வகத் தட்டில் புற்றுசெல்லைக் கொல்கிறது என்று ஃபார்வர்டில் கொண்டாடப்படுவதும் இதே குடும்பத்துப் பொருள்தான். செல்லுக்குள் சக்தி தயாராகும் இடத்தையே அது அடைத்துவிடுகிறது. புற்றுசெல், நரம்பு செல் என்று அது ஆள் பார்ப்பதில்லை.

அந்த மக்கள் பட்டுத் தெரிந்துகொண்ட எச்சரிக்கையை வழியில் போட்டுவிட்டு, இலையை மட்டும் இங்கே கொண்டுவந்துவிட்டோம். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அப்புறம் அந்தப் "பழங்குடிகள்". குவாடலூப்பின் மூத்த குடிகளான கலினாகோக்களை 1635-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் கொன்றும் துரத்தியும் தீவைப் பிடித்தார்கள். பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். இன்று "ரிமேத் ராஸியே", அதாவது புதர் மருந்து என்று தீவு மக்கள் சொல்லும் வைத்தியத்தைப் பெரும்பாலும் கட்டிக் காப்பாற்றியவர்கள் இந்த அடிமைகள்தான். தெரியாத மண்ணில், தெரியாத செடிகளுக்கு நடுவில், கலினாகோக்களிடம் கேட்டும், ஆப்பிரிக்காவில் கற்றதை ஒப்பிட்டுப் பார்த்தும் கட்டிய அறிவு அது.

அதற்கும் தடை வந்தது. விஷம் வைத்துவிடுவார்களோ என்று முதலாளிகளுக்குப் பயம். அடிமைகள் எந்த மருந்தும் தயாரிக்கக் கூடாது, யாருக்கும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று 1743-ல் அரசாணை போட்டார்கள். ஒரே ஒரு விலக்கு, பாம்புக்கடி. அருகில் உள்ள இன்னொரு பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கில் கரும்பு வெட்டும்போது கொடிய விரியன் கடிக்கும். அதற்கு அடிமையின் மருந்து முதலாளிக்கே வேண்டியிருந்தது. அந்த ஒற்றை விலக்கைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

இதில் நம் ஊரும் இருக்கிறது. 1848-ல் அடிமைமுறை ஒழிந்ததும் தோட்டங்களுக்கு மலிவாக ஆள் தேவைப்பட்டது. 1853-ல் ஒரெலி என்ற கப்பல் மார்த்தினிக்குக்கும், அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் குவாடலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளோடு போய்ச் சேர்ந்தது. 1880-கள் முடிவதற்குள் குவாடலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள். புதுச்சேரியிலும் எங்கள் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள் அதில் ஏராளம். விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்களின் கூலியைக் குறைக்கத்தான் இவர்களைக் கொண்டுபோனார்கள். அதனால் அங்கே இருந்தவர்களின் கசப்பையும் இவர்கள்தான் சுமந்தார்கள். "கூலி" என்பது அங்கே வசைச்சொல்லானது. ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904-ல் வழக்காடத் தொடங்கி, 1923 வரை போராடித்தான் இவர்களுக்குக் குடியுரிமையும் ஓட்டும் கிடைத்தன.

மொழி போய்விட்டது. ஆனால் என்னென்ன சொற்கள் தங்கியிருக்கின்றன பாருங்கள். பாகற்காய்க்கு அங்கே "பாரோகா". வேப்பிலைக்கு "வெப்பேலே". குழம்பு "கொலம்போ" ஆகி, இன்று அந்தத் தீவுகளின் எல்லா வீட்டுச் சமையலுமாகிவிட்டது. மாரியம்மன் "மாலியெமேன்". அடுப்படியிலும் நோயாளியின் கட்டிலருகிலும் புழங்கிய சொற்கள் தங்கின. இதை வைத்து "அங்கேயும் நாம்தான்" என்று மார்தட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாரோகா இன்று அவர்களுடைய சொல். கற்பூரவல்லியை அங்கே பெரிய தைம் என்கிறார்கள். அதுவும் அவர்கள் வீட்டு மருந்துதான்.

பிரெஞ்சு அரசு இந்தச் செடிகளைத் தன் அதிகாரப்பூர்வ மருந்துப் பட்டியலில் சேர்க்க வழி திறந்தது எப்போது தெரியுமா? 2009-ல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான். உள்ளூர் மருந்தாளுநர்களும் வழக்கறிஞர்களும் பல ஆண்டுகள் விடாமல் கேட்டு வாங்கியது அது.

அதற்குள் மண்ணே கெட்டுவிட்டிருந்தது. வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டுக்காக 1972 முதல் 1993 வரை இரண்டு தீவுகளின் வாழைத் தோட்டங்களில் குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லியைப் போட்டார்கள். பிரான்சில் 1990-லேயே தடை, தீவுகளுக்கு மட்டும் மேலும் மூன்று ஆண்டு சலுகை. இன்று குவாடலூப், மார்த்தினிக் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் அது இருக்கிறது. மண்ணில் இன்னும் பல தலைமுறைக்கு இருக்கும். கிழங்குகள் அதை எளிதில் உறிஞ்சிக்கொள்கின்றன. 2023 ஜனவரியில் நீதிபதிகள் இது பற்றிய குற்ற விசாரணையை யார் மேலும் குற்றம் சாட்டாமலே முடித்துவிட்டார்கள். வீட்டைச் சுற்றி மருந்துச்செடி வளர்த்தவர்கள், தங்கள் கொல்லைமண் சுத்தம்தானா என்று சோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். "இயற்கையின் மடி, கரீபியன்" என்று நாம் ஃபார்வர்டு அனுப்புகிறோம்.

வீட்டில் யாராவது கீமோ எடுத்துக்கொண்டே இந்தக் கஷாயமும் குடித்தால், தயவுசெய்து சிகிச்சை தரும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பெரியம்மாவின் டாக்டர் கேட்டவுடனே நிறுத்தச் சொன்னார்.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் உட்காரவைத்துச் சொன்னேன். லான்செட்டைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. காரைக்காலில் கப்பல் ஏறினார்களா என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். பெரியம்மா கட்டிலில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கொலம்போவுல என்ன போடுறாங்க?"

"மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, மிளகு..."

"வெந்தயம்?"

"போடுறாங்க பெரியம்மா."

"அப்ப குழம்புதான்" என்று சொல்லிவிட்டு, பத்து நாளில் முதல்முறையாகப் பசிக்கிறது என்றார்.